நான் சொன்ன நூற்றாறு டிகிரி

போன வருஷம் மே மாதக் கடைசி. கத்திரி வெயில் முடிந்துவிட்டது என்று காலண்டர் சொன்னது. பாளையங்கோட்டை வெயிலுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. காலை ஒன்பது மணிக்கே குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். அப்படியொரு காலையில் எங்கள் வீட்டு மாடியில் நான் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன். "அத ஏன் இன்னும் சொல்லிக்கிட்டு இருக்க?" என்பார் என் வீட்டுக்காரர். எங்கள் தெருவில் அது தெரியாதவர்கள் யாரும் இல்லை. அதனால் ஒளிக்கவும் எனக்கு ஒன்றுமில்லை.

கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. மகளின் பிரசவத்துக்காக அதற்கு முந்திய குளிர்காலம் முழுக்க அங்கே இருந்தேன். அங்கே எல்லாம் பாரன்ஹீட். வெளியே ஐம்பது டிகிரி என்று மகள் சொல்வாள், நான் மெல்லிய புடவையோடு கிளம்பி வாசலில் நடுங்குவேன். என் அவஸ்தையைப் பார்த்து மருமகன் ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுத்தார். பாரன்ஹீட்டில் முப்பதைக் கழித்துப் பாதியாக்கினால் செல்சியஸ். செல்சியஸை இரட்டிப்பாக்கி முப்பதைக் கூட்டினால் பாரன்ஹீட். ஐம்பது என்றால் பத்து. அந்த ஊர்க் குளிருக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. ஒன்பது, ஐந்து, முப்பத்திரண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரம் எனக்கும் ஒரு காலத்தில் தெரியும். அலுவலகத்தில் கணக்குப் பிரிவிலேயே தலை நரைத்தவள் நான். ஆனால் சுலபமானது கையில் கிடைத்ததும் பழையதைத் தலைமுழுகிவிட்டேன்.

ஊருக்குத் திரும்பியபோது கோடை ஆரம்பித்திருந்தது. நம்மூரில் ஒரு வேடிக்கை உண்டு. வெயிலைச் செல்போன் செல்சியஸில் காட்டும். பேப்பரில் பாரன்ஹீட்டில் போடுவார்கள். காய்ச்சலுக்கும் பாரன்ஹீட்தான். "நூறத் தாண்டிருச்சு" என்று யாராவது சொன்னால் வெயிலா காய்ச்சலா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் குழப்பத்துக்கு நடுவில் நான் பெரிய ஆள் ஆகிவிட்டேன். காய்கறி வண்டிக்கார அண்ணாச்சி தினமும் கேட்பார். நான் செல்போனைப் பார்த்து, "முப்பத்தொம்பது. அப்படின்னா நூத்தி எட்டு அண்ணாச்சி" என்பேன். "யம்மா, ஆம்புலன்சுக்கு அடிக்கித நம்பருல்லா அது?" என்று அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார். எனக்குப் பெருமை தாங்காது.

மறுநாள் பேப்பரில் பாளையங்கோட்டையில் நூற்றிரண்டு டிகிரி என்று வரும்.

"ஏட்டி, நீ நூத்தி எட்டுன்னு சொன்ன. இவன் நூத்தி ரெண்டுன்னுல்லா போட்டிருக்கான்?" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார்.

"உள்ளதப் போட்டா சனங்க பயந்துரும்னு கொறச்சுத்தான் போடுவாங்க. இதுகூடத் தெரியாதா ஒங்களுக்கு?" என்றேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். என்னோடு வாதாடிப் பிரயோஜனம் இல்லை என்பது கல்யாணமான புதிதிலேயே அவருக்குத் தெரிந்துபோனது. அன்றைக்கு அவர் இன்னொரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று இப்போது நினைக்கிறேன். தப்பை என் மேல் வைத்துக்கொண்டு அவரையும் இழுக்கிறேன் பாருங்கள், அதுதான் என் புத்தி.

எங்கள் மாடியில் ஒரு பெண் குடியிருக்கிறாள். கடற்கரை ஊர்க்காரி. இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். புருஷன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். இவள் ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருக்கும்போது கப்பல் ஏறியவர், அதன்பிறகு வரவே இல்லை. பெண்பிள்ளை பிறந்தது, மூன்றரை மாதமும் ஆனது. பிள்ளையை அவர் செல்போன் திரையில்தான் பார்த்திருந்தார். அதுவும் கப்பலில் சிக்னல் கிடைக்கிற நேரத்தில். பிள்ளை அசைந்தால் படம் நின்றுவிடும். கை தனியாக, முகம் தனியாக என்று பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

அந்த மே மாதக் கடைசியில் அதிசயம்போல ஒரு சேதி வந்தது. அவருடைய கப்பல் நிலக்கரி ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கே வருகிறது. சரக்கை இறக்கியதும் அன்று சாயங்காலமே கிளம்பிவிடும். ஊருக்குப் போக அனுமதி கிடையாது. ஆனால் பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை துறைமுக வாசலுக்கு வந்து பெண்டாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கேப்டன் சொல்லிவிட்டார். அந்த இரண்டு மணி நேரத்துக்காக அவள் என்னவெல்லாம் செய்தாள்! பிள்ளைக்கு மஞ்சள் கவுன் வாங்கினாள். நெற்றியில் விழுகிற முடியை ஒதுக்கப் பூப்போட்ட ரப்பர் பட்டை வாங்கினாள். மீன் குழம்பு வைத்துத் தூக்குவாளியில் ஊற்றினாள். பத்து மணிக்குக் கார் சொல்லியிருந்தது.

ஒன்பது மணி இருக்கும். மாடியிலிருந்து குரல் கேட்டது. "அத்தை, இங்கன கொஞ்சம் வாங்களேன்."

போனேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். கையில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். புருஷன் ஏதோ வெளிநாட்டுத் துறைமுகத்தில் வாங்கி, ஊருக்கு வந்த சிநேகிதர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. அன்றுதான் அதைப் பிரித்திருக்கிறாள்.

"பிள்ளைக்கு மேலு சுடுது அத்தை. நேத்து தடுப்பூசி போட்டதுல்லா, அதனாலதான்னு நெனச்சேன். இதுல வச்சுப் பாத்தா முப்பத்தெட்டுன்னு காட்டுது. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

எனக்கு விளங்கியது. அதுதானே என் வியாதி. முப்பத்தெட்டை இரட்டிப்பாக்கினால் எழுபத்தாறு. முப்பதைக் கூட்டினால் நூற்றாறு. கண் மூடித் திறப்பதற்குள் போட்டுவிட்டேன்.

"ஏ பிள்ள, நூத்தி ஆறு!"

அவள் முகம் வெளுத்துவிட்டது. இருந்தாலும் பிள்ளையின் கழுத்திலும் வயிற்றிலும் கையை வைத்துப் பார்த்தாள். "கைய வச்சுப் பாத்தா அவ்வளவு சூடு இல்லையே அத்தை. பாலு குடிச்சா. என்னப் பாத்துச் சிரிக்கக்கூடச் செய்தா" என்றாள்.

"கை சொல்லுததையா நம்புவ? மெஷினு பொய்யா சொல்லுது? நூத்தாறுன்னா பிள்ளைக்குக் கை கால் வெட்டி இழுப்பு வந்துரும்ட்டி!"

இதைச் சொன்னது நான்தான். இழுப்பு என்ற வார்த்தையை ஒரு தாயிடம் சொன்னேன்.

கீழே எங்கள் அலமாரியில் பாரன்ஹீட் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. இறங்கிப்போய் எடுத்து வந்து ஒரு தடவை வைத்துப் பார்த்திருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. எடுத்து வந்தால் என் கணக்கை நானே நம்பவில்லை என்று ஆகிவிடாதா? அந்த அற்ப நினைப்பில் படியிறங்காமல் நின்றேன். என் வாழ்க்கையில் எந்த நிமிஷத்தையாவது திரும்பப் பெற முடியுமென்றால் அந்த நிமிஷத்தைத்தான் கேட்பேன்.

தூத்துக்குடிக்குச் சொல்லியிருந்த காரை உடனே வரவழைத்தோம், அது ஆஸ்பத்திரிக்குப் போனது. மீன் குழம்புத் தூக்குவாளி வாசலிலேயே நின்றது. வழியில் அவள் புருஷன் போன் செய்தார். அவள் அழுகையில் பேச முடியாமல் திணற, போனை நான் வாங்கிக்கொண்டேன். "தம்பி, பிள்ளைக்கு நூத்தாறு டிகிரி. இந்த நெலமையில அம்புட்டுத் தூரம் வர முடியாதுய்யா" என்றேன். பெரிய மனுஷி தோரணையில்தான் சொன்னேன். அந்தப் பக்கம் காற்றுச் சத்தத்துக்கு நடுவே அவர் சொன்னார்: "பிள்ளையப் பாத்துக்கிடுங்க அத்தை. எனக்காக யோசிக்காதீங்க. நான் இங்கன வாசல்லதான் நிப்பேன்."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வைத்துப் பார்த்தபோது நூற்றுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். குழந்தை டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார்.

"வீட்ல எவ்வளவு இருந்துச்சு?"

"நூத்தாறு டாக்டர்."

"சரியா பாத்தீங்களா? யார் பாத்தது?"

"நான்தான் பாத்தேன். டிஜிட்டல்ல. சந்தேகமே இல்ல."

முப்பத்தெட்டு என்ற எண் என் வாயிலிருந்து வரவில்லை. இரட்டிப்பாக்கினேன், முப்பது கூட்டினேன் என்று சொல்லவில்லை. தெர்மாமீட்டரே நூற்றாறு காட்டியது போலச் சொன்னேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. எனக்கு அது இரண்டும் ஒன்றாகவே இருந்தது.

மூன்றரை மாதப் பிள்ளைக்கு நூற்றாறு என்று கேட்டபிறகு எந்த டாக்டர் வெளியே அனுப்புவார்? ரத்தம் பார்க்க வேண்டும், ரிசல்ட் வரும்வரை கண்காணிப்பில் இருக்கட்டும் என்றுவிட்டார். அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் குத்தினார்கள். மஞ்சள் கவுனில் ஒரு பொட்டு ரத்தம். பிள்ளை போட்ட அலறலில் அவள் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஏதோ உதவி செய்கிறவளைப்போல. பன்னிரண்டு அடித்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் பிள்ளையைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

ஒரு மணிக்கு மேல் ரிசல்ட் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. சூடும் நூற்றுக்குக் கீழே இறங்கியிருந்தது. பிள்ளை பால் குடித்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா மட்டும் விடவில்லை.

"நூத்தாறு இருந்த பிள்ளை இப்படி இருக்காதே. அந்தத் தெர்மாமீட்டர் இருக்கா?"

அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா வைத்துப் பார்த்தார். முப்பத்தேழு புள்ளி ஐந்து என்று காட்டியது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"இது செல்சியஸ்ல காட்டுது. காலைல எவ்வளவு காட்டுச்சும்மா?"

"முப்பத்தெட்டு" என்றாள் அவள்.

"முப்பத்தெட்டுன்னா நூறு புள்ளி நாலு. தடுப்பூசி போட்டா மறுநாள் இது சாதாரணமா வரும். காய்ச்சல் சொட்டு மருந்து குடுத்தாலே போதுமே. நூத்தாறுன்னு யார் சொன்னா?"

அந்த அறையில் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நர்ஸையும் சேர்த்து. "நான்தான்" என்றேன். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வேற ஏதாவது அவசரம் இருந்தா கிளம்பலாம்மா" என்று அவளிடம் சொன்னார்.

அவசரம் இருந்தது. கார் பறந்தது. எனக்குப் பின்சீட்டில் உட்கார இடம் இருந்தும் உட்கார்ந்ததுபோலவே இல்லை. மனசுக்குள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், இந்த முறை பள்ளிக்கூடத்துச் சூத்திரத்தில். பத்து டிகிரிக்கு ஐம்பது சரியாக வந்தது. இருபதுக்கு இரண்டு டிகிரி பிசகியது. முப்பத்தெட்டுக்குப் போனால் கிட்டத்தட்ட ஆறு டிகிரி பிசகு. குளிரில் சரியாக இருந்தது, சூடு ஏற ஏறத் தப்பிக்கொண்டே போயிருக்கிறது. அமெரிக்காக் குளிரில் கற்றதை நெல்லைச் சீமை வெயிலில் கொண்டுவந்து வைத்தால் வேறென்ன ஆகும்? பேப்பர் தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பேப்பரைத்தான் நான் பொய் என்று சொன்னேன்.

பக்கத்தில் அவள் பிள்ளையின் நெற்றியைத் தடவிக்கொண்டே வந்தாள். ஒரே ஒரு தடவை, என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நான் கைய வச்சுப் பாத்தேன்லா அத்தை. எனக்குத் தெரிஞ்சிச்சுல்லா."

பிள்ளையின் தலையில் நழுவியிருந்த ரப்பர் பட்டையைச் சரிசெய்யக் கை நீட்டினேன், பாதியில் இழுத்துக்கொண்டேன்.

வல்லநாட்டுப் பக்கம், ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் போன் அடித்தது. கப்பலுக்குத் திரும்பச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், இன்னும் ஐந்து நிமிஷம்தான் நிற்க முடியும் என்றார். தூத்துக்குடி இன்னும் முக்கால் மணி நேரத் தூரம். டிரைவர் அண்ணாச்சி காரை ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டினார். அவள் வீடியோவில் பிள்ளையைக் காட்டினாள். வெயில் பட்டுத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. துப்பட்டாவால் போனையும் பிள்ளையையும் சேர்த்து மூடிக்கொண்டு, அந்தத் துணிக்குள்ளிருந்து பேசினாள். "இந்தா பாருங்க, மஞ்ச கவுனு போட்டிருக்கா. காச்சலெல்லாம் இல்ல. ஒண்ணுமே இல்ல. சும்மாதான்." அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் காரை விட்டு இறங்கி வெயிலில் நின்றேன். நிழலில் நிற்க எனக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாடிப்படி வாசலில் தூக்குவாளி அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் மேலே போனாள். மறுநாள் நான் போய், "மன்னிச்சுக்க பிள்ள" என்றேன். "விடுங்க அத்தை. நானும்லா ஒங்க பேச்சக் கேட்டேன்" என்றாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை. அவள் தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டாள். அதைக் கேட்டுவிட்டு இறங்கி வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். காய்கறி வண்டிக்கார அண்ணாச்சி அதன்பிறகு என்னிடம் டிகிரி கேட்பதில்லை. மரியாதைக்காகத்தான் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அது இன்னும் உறுத்தியது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. லீவு முடிந்து அவள் வேலைக்குப் போக வேண்டும். ஊரிலிருந்து வருவதாக இருந்த அவள் அம்மாவுக்குக் கால் முறிந்துபோனது. ஒருநாள் காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் நின்றாள். "சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கிடுவீங்களா அத்தை?" என்றாள். என்னிடம் கேட்க அவளுக்கு எவ்வளவு யோசனை ஓடியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஆனாலும் கை நீட்டி வாங்கினேன். அன்றிலிருந்து பகல் முழுக்கப் பிள்ளை என்னிடம்தான். என்னிடம்தான் குப்புற விழுந்தாள், என்னிடம்தான் தவழ்ந்தாள். என் கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைப்பாள். எனக்கு அவள் மேல் உயிர்.

அவருடைய ஒப்பந்தம் நீண்டுகொண்டே போய், ஐப்பசி மழையில்தான் வந்து சேர்ந்தார். நேராகக் கப்பலிலிருந்து ரயிலேறி, நனைந்த பெட்டியோடு, முதலில் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வந்தார். பிள்ளை என் இடுப்பில் இருந்தாள். அவர் பெட்டியைத் தரையில் போட்டார். மழைத் தண்ணீரைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். "வா மக்கா" என்றார்.

பிள்ளை அவரை உற்றுப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. வீலென்று ஒரு கத்தல். சட்டென்று திரும்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் பிரித்துக் கொடுக்கப் பார்த்தேன். என் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பெற்ற தகப்பனைப் பார்த்துப் பயந்துபோய் அந்தப் பிள்ளை அடைக்கலம் தேடியது என்னிடம், யாரால் அவள் அவரை அறியாமல் போனாளோ அந்த என்னிடம்.

"பரவால்ல அத்தை. ரெண்டு நாள்ல பழகிருவா" என்று அவர் சிரித்தார். நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டார். அந்த மே மாதம் போயிருந்தால் சிரித்திருப்பாள். மூன்றரை மாதப் பிள்ளை யாரைப் பார்த்தாலும் சிரிக்கும், அப்பனைப் பார்த்து எப்படிச் சிரித்திருக்கும்! அந்தச் சிரிப்பு அவருக்கு உரியது. அதை நான்தான் இல்லாமல் செய்தேன்.

அவர் சொன்னபடியே பிள்ளை பழகிவிட்டாள், இப்போது அப்பாவின் தோளைவிட்டு இறங்குவதில்லை. ஆனால் என்னிடம் யாராவது எதையாவது கேட்டால், பதில் இன்றைக்கும் நாக்கு நுனிக்கு ஓடி வந்துவிடுகிறது. அப்போதெல்லாம் என் முந்தானையைப் பிடித்திருந்த அந்தச் சின்ன விரல்கள் நினைவுக்கு வரும், வாயை மூடிக்கொண்டு, "இருங்க, பாத்துட்டு வந்து சொல்லுதேன்" என்று எழுந்து போகிறேன்.